நான்காம் தலைமுறை: ஆடம் பெட்டியின் பந்தய வாழ்க்கை

ஆடம் பெட்டி 1980 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தார். இருபது வயது நிறைய இரண்டு மாதம் இருக்கையில், 2000 மே 12 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பந்தயத் தடம் ஒன்றில் பயிற்சி ஓட்டத்தின்போது உயிரிழந்தார். நாஸ்கார் அமைப்பின் முதன்மைத் தொடரில் அவர் ஓட்டியது ஒரே ஒரு பந்தயம். அதில் கிடைத்தது நாற்பதாவது இடம். வெற்றிகளை மட்டும் எண்ணினால் இவரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆயினும் ஓட்டுநரின் உயிரைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியை ஸ்டாக் கார் பந்தய உலகம் தட்டிக்கழிக்க முடியாமல் போன பதினேழு மாதங்கள் இவருடைய மரணத்தில்தான் தொடங்கின. அதற்காகவே இந்தக் குறுகிய வாழ்க்கையை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்டாக் கார் என்பது முதலில் கடையில் வாங்கிய சாதாரண காரையே குறித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மண் தடங்களில் இத்தகைய கார்களை ஓட்டிப் போட்டியிடுவது பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. கள்ளச் சாராயத்தை இரவில் ஏற்றிச் சென்று காவலரிடமிருந்து தப்பப் பழகிய சில ஓட்டுநர்களும் அதில் இருந்தார்கள். சிதறிக் கிடந்த இந்தப் பந்தயங்களை ஒரே விதிமுறைக்குள் கொண்டுவர, பில் ஃபிரான்ஸ் என்பவரின் முயற்சியில் 1948இல் நாஸ்கார் உருவானது. ஆண்டுகள் செல்லச் செல்ல, கடைக்காரின் தோற்றம் மட்டும் மிஞ்சியது. 1990களின் பந்தயக் கார் இரும்புக் குழாய்களால் கட்டிய கூட்டின் மேல் மெல்லிய தகடு போர்த்தியது, எடை ஒன்றரை டன்னுக்கு மேல், எஞ்சின் வி8. பெரும்பாலான தடங்கள் நீள்வட்டமானவை. அவற்றில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பி நூற்றுக்கணக்கான சுற்றுகளை ஓடும்.

நாஸ்காரின் வரலாறும் பெட்டி குடும்பத்தின் வரலாறும் ஏறக்குறைய ஒரே நாளில் தொடங்குகின்றன. கடைக் கார்களுக்கென்றே அந்த அமைப்பு நடத்திய முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்தது. லெவல் கிராஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த லீ பெட்டி, இரவல் வாங்கிய பியூக் காரில் அதில் கலந்துகொண்டு, காரை உருட்டிக் கவிழ்த்தார். அப்போது அவருக்கு வயது 35. மற்றவர்கள் ஓய்வை யோசிக்கும் வயதில் தொடங்கிய அவர், 1954, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளில் சாம்பியன் ஆனார். 1959இல் நடந்த முதல் டேட்டோனா 500 பந்தயத்தின் வெற்றியாளரும் அவரே. எல்லைக் கோட்டை இரண்டு கார்கள் ஒட்டியபடி கடந்ததால், புகைப்படங்களையும் செய்திப்படத்தையும் ஆராய்ந்து அவர் பெயரை அறிவிக்க மூன்று நாட்கள் ஆயின.

லீயின் மகன் ரிச்சர்ட் 21 வயது நிறையும்வரை பந்தயத்தில் இறங்க அனுமதிக்கப்படவில்லை. தந்தை போட்ட நிபந்தனை அது. 1958 ஜூலையில் 21 நிறைந்ததும் ஓட்டத் தொடங்கினார். அந்த மாதமே கனடாவின் டொரான்டோவில் நடந்த பந்தயத்தில், முந்திச் செல்ல வழி தேடிய லீ, மகனுடைய காரையே இடித்து வேலியோரம் தள்ளிவிட்டு வெற்றியும் பெற்றார். இந்தக் கண்டிப்பில் வளர்ந்த ரிச்சர்ட் 200 பந்தயங்களில் வென்றார். நாஸ்காரின் முதன்மைத் தொடரில் வேறு எந்த ஓட்டுநரும் அந்த எண்ணிக்கையை நெருங்கியதில்லை. ஏழு சாம்பியன் பட்டங்களும் ஏழு டேட்டோனா 500 வெற்றிகளும் அவருடையவை. 1967இல் மட்டும் 27 வெற்றிகள். அவற்றில் பத்து தொடர்ச்சியாக வந்தவை. இருநூறாவது வெற்றி 1984 ஜூலை 4 அன்று டேட்டோனாவில், அதிபர் ரொனால்ட் ரீகன் பார்வையாளராக வந்திருந்த பந்தயத்தில் கிடைத்தது.

மூன்றாம் தலைமுறையான கைல் 18 வயதில் தொடங்கினார். 1979 பிப்ரவரியில் டேட்டோனாவில் ஆர்கா அமைப்பு நடத்திய பந்தயமே அவர் ஓட்டிய முதல் ஸ்டாக் கார் பந்தயம்; அதிலேயே வென்றார். ரிச்சர்டின் இடத்தைப் பிடிக்க வந்தவர் என்ற எதிர்பார்ப்பு அன்றே அவர் தலையில் ஏறியது. முதன்மைத் தொடரில் அவர் பெற்ற எட்டு வெற்றிகள் வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பெருமையாக இருந்திருக்கும். இருநூறு வென்றவரின் மகனுக்கு அவை போதாதவையாகவே எண்ணப்பட்டன. இந்த ஒப்பீட்டின் பாரத்தைக் கைல் நன்கு அறிந்தவர். அவருடைய மூத்த மகன்தான் ஆடம்.

லீ 35, ரிச்சர்ட் 21, கைல் 18 என ஒவ்வொரு தலைமுறையிலும் தொடங்கும் வயது இறங்கிக்கொண்டே வந்திருப்பதைக் காணலாம். ஆடம் பதினெட்டுகூட நிறையுமுன் 1998இல் முழு அளவிலான கார்களை ஓட்டத் தொடங்கினார். இது ஒரு குடும்பத்தின் அவசரம் மட்டும் அல்ல. 1992 நவம்பரில் அட்லான்டாவில், ரிச்சர்ட் தம் கடைசிப் பந்தயத்தை ஓட்டிய அதே நாளில், ஜெஃப் கோர்டன் என்ற 21 வயது இளைஞர் தம் முதல் பந்தயத்தை ஓட்டினார். மூன்றே ஆண்டில், 24 வயதில், அவர் சாம்பியனும் ஆனார். அதன்பின் விளம்பர நிறுவனங்களின் பார்வை இளம் முகங்கள் பக்கம் திரும்பியது. முப்பது வயதுக்குமேல் பக்குவம் வரும் என்று பொறுத்திருந்த அணிகள் இருபது வயதுக்காரர்களைத் தேடத் தொடங்கின. நல்ல பெயரும் மலர்ந்த முகமும் கொண்ட, பேட்டிகளில் கூச்சமின்றிப் பேசத் தெரிந்த ஆடம் போன்ற ஓர் இளைஞருக்குக் கதவு தானாகவே திறந்தது.

அவருடைய காரின் எண் 45. குடும்பத்தில் லீயின் எண் 42, ரிச்சர்டின் எண் 43. கைல் 42, 44 ஆகிய எண்களில் ஓட்டியவர். வரிசையில் அடுத்த எண் நான்காம் தலைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் தொழில்முறை விளையாட்டில், தொடர்ந்து நான்காவது தலைமுறையாக ஒரே விளையாட்டில் இறங்கிய முதல் வீரர் என்று பரவலாகக் குறிப்பிடப்பட்டவர் ஆடம்.

1998 அவருக்கு இரு முகம் காட்டிய ஆண்டு. அந்த ஆண்டு ஏ.எஸ்.ஏ. என்ற அமைப்பின் குறுந்தடப் பந்தயங்களில் அவர் பழகிவந்தார். பின்னாளில் ரிச்சர்டின் ஏழு பட்டச் சாதனையைச் சமன் செய்த ஜிம்மி ஜான்சனும் அதே ஆண்டு அதே தொடரில் புதுமுகமாக ஓட்டியவர்தான். செப்டம்பர் 30 அன்று சார்லட் தடத்தில் ஆடம் தம் முதல் ஆர்கா பந்தயத்தில் இறங்கினார். தந்தையைப் போலவே முதல் பந்தயத்திலேயே வென்றார். வயது 18 ஆண்டு, இரண்டரை மாதம். ஆர்கா பந்தயத்தில் வென்ற மிக இளையவர் என்று 1979 முதல் கைலின் பெயரில் இருந்த சாதனை மகனின் பெயருக்கு மாறியது.

அதே ஆண்டில் மினசோட்டாவில் நடந்த ஏ.எஸ்.ஏ. பந்தயம் ஒன்றில் பெரும் துயரமும் நேர்ந்தது. பிட்டில் நின்றிருந்த ஆடமின் காருக்கு அடியில் அணியின் குழுத் தலைவர் வேலை செய்துகொண்டிருந்தார். அதை அறியாமல் கார் கிளம்பியதில் அவர் உயிரிழந்தார். பிட் என்பது சில விநாடிகளில் டயர் மாற்றி, எரிபொருள் நிரப்பி, காரைச் சரிசெய்யும் இடம். உள்ளே இருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு வெளியே நடப்பதில் பாதி தெரியாது. பெட்டி குடும்பத்துக்கு இத்தகைய இழப்பு புதிதல்ல. 1975இல் டல்லடேகா தடத்தில், ரிச்சர்டின் பிட்டில் அழுத்தம் ஏற்றிய தண்ணீர்த் தொட்டி வெடித்து, அவருடைய மனைவியின் தம்பி இருபது வயதில் மாண்டிருக்கிறார். குடும்பத்தினர் ஆடமைத் தாங்கிப்பிடித்தார்கள். அவர் மீண்டும் காரில் ஏறினார். பதினெட்டு வயதில் சுமக்க வேண்டிய சுமை அல்ல அது.

1999இல் ஆடம் நாஸ்காரின் இரண்டாம் நிலையான புஷ் தொடரில் முழு ஆண்டும் ஓட்டினார். டேட்டோனாவில் நடந்த முதல் பந்தயத்திலேயே ஆறாம் இடம். கலிஃபோர்னியா தடத்தில் நான்காம் இடம். அந்தத் தொடரில் அவர் எட்டிய உயர்ந்த இடம் அதுவே. மூன்று பந்தயங்களுக்குத் தகுதி பெறவே முடியவில்லை. ஆண்டு முடிவில் புள்ளிப் பட்டியலில் இருபதாம் இடம். இந்த எண்களை வைத்து அவருடைய திறமையை அளப்பது நியாயமாகாது. புஷ் தொடரின் தடங்கள் பலவற்றை அவர் அந்த ஆண்டுதான் முதன்முதலாகப் பார்த்தார். குடும்ப அணியான பெட்டி என்டர்பிரைசஸும் பழைய வலுவோடு இல்லை. எழுபதுகளில் போட்டியாளர்களை நடுங்கவைத்த அந்த அணி, தொண்ணூறுகளில் பணபலம் மிக்க புதிய அணிகளுக்குப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. 1996, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் தலா ஒரு வெற்றி என்ற அளவில் அதன் முதன்மைத் தொடர்க் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணியை மீட்டெடுக்க வந்த பிள்ளை என்ற எதிர்பார்ப்பு இப்போது ஆடமின் மேல் விழுந்தது.

2000ஆம் ஆண்டுக்கான திட்டம் தெளிவானது. புஷ் தொடரில் இன்னும் ஓர் ஆண்டு. இடையிடையே வின்ஸ்டன் கப் என்ற முதன்மைத் தொடரில் சில பந்தயங்கள். 2001 முதல் அதில் முழுநேரம். புஷ் தொடரில் ஆண்டின் தொடக்கம் சரியாக அமையவில்லை. ஆனால் ஏப்ரல் 2 அன்று டெக்ஸாஸ் தடத்தில் நடந்த வின்ஸ்டன் கப் பந்தயத்துக்கு முதல் முயற்சியிலேயே தகுதி பெற்றார். தொடக்க வரிசையில் 33ஆம் இடம். தந்தையும் மகனும் ஒரே பந்தயத்தில் ஓட்டுவதைக் காணக் குடும்பம் காத்திருந்தது. கைலுக்கோ தகுதி கிடைக்கவில்லை. உடல்நலம் குன்றிய வேறொரு ஓட்டுநருக்கு மாற்றாகப் பந்தயத்தின் நடுவில் அவர் காரில் ஏறினார். ஆடம் நடுவரிசையில் ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் பழுதாகி நாற்பதாம் இடத்தில் விலகினார். அன்றைய பந்தயத்தில் வென்றவர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர். அவர் மூன்றாம் தலைமுறை ஓட்டுநர். அதுவே அவருடைய முதல் வின்ஸ்டன் கப் வெற்றி. இரண்டு பெரிய பந்தயக் குடும்பங்களின் வாரிசுகள் வரும் பத்தாண்டில் எதிரெதிரே நின்று ஓட்டுவார்கள் என்று ரசிகர்கள் நம்ப எல்லாக் காரணமும் இருந்தது.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று, லீ பெட்டி 86 வயதில் காலமானார். கொள்ளுப்பேரன் முதன்மைத் தொடரில் கால் வைத்த வாரமே அவர் மறைந்தார். அடுத்த மரணம் ஐந்தே வாரத்தில் வந்தது.

நியூ ஹாம்ப்ஷயரின் லூடன் என்ற ஊரிலுள்ள தடம் 1990இல் திறக்கப்பட்டது, சுற்றளவு 1.7 கி.மீ. டேட்டோனா போன்ற பெரிய தடங்களில் வளைவுகள் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும். வேகத்தைக் குறைக்காமலே கார் திரும்பிவிடும். லூடனில் வளைவுகள் ஏறக்குறையத் தட்டையானவை. நீண்ட நேர்ப்பாதையில் முழு வேகமெடுத்த கார், வளைவின் வாயிலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை அழுத்தி, வெகுவாக வேகம் தணித்தால்தான் திரும்பும். ஆக்சிலரேட்டர் மிதியோடு இணைந்த திராட்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவு, அந்த நொடியில் மூடாமல் சிக்கிக்கொண்டால் ஓட்டுநருக்கு யோசிக்க நேரமே இல்லை. எதிரே கான்கிரீட் சுவர்தான்.

மே 12 வெள்ளிக்கிழமை, புஷ் தொடர் பந்தயத்துக்கான பயிற்சியில் ஆடமின் கார் மூன்றாம் வளைவுக்குள் வேகம் குறையாமல் நுழைந்து வெளிச்சுவரில் ஏறக்குறைய நேருக்கு நேர் மோதியது. திராட்டில் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்ததில் அவர் உடனே இறந்தார். கைல் அப்போது மகளுடன் இங்கிலாந்தில் இருந்தார்.

எட்டு வாரம் கழித்து, ஜூலை 7 அன்று, அதே தடத்தின் அதே மூன்றாம் வளைவில், பயிற்சியின்போதே, கென்னி இர்வின் ஜூனியரின் கார் சுவரில் மோதியது. 1998இன் சிறந்த புதுமுக ஓட்டுநராகத் தேர்வானவர் அவர், வயது 30. அவரும் அதே காயத்தால் மாண்டார். அக்டோபரில் டெக்ஸாஸ் தடத்தில், நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டிய டோனி ரோப்பர் மூன்றாவதாகப் பலியானார்.

இந்த மரணங்கள் நேர்ந்த விதத்தை மருத்துவர்களும் பொறியாளர்களும் முன்பே அறிந்திருந்தார்கள். கார் சுவரில் மோதி நிற்கும்போது இருக்கைப் பட்டைகள் ஓட்டுநரின் உடலைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஹெல்மெட்டின் எடையும் சேர, தலை முன்னோக்கிப் பாய்கிறது. கழுத்து தாங்கும் அளவுக்குமேல் இழுபட்டு, மண்டை ஓட்டின் அடிப்பகுதி பிளக்கிறது. உடலில் வேறெங்கும் பெரிய காயம் இல்லாமலே உயிர் போய்விடும். இதைத் தடுக்கும் கருவி ஒன்றை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹபர்டும் அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே வடிவமைத்திருந்தார்கள். ஹான்ஸ் என்பது அதன் பெயர். தோள்களில் பட்டைகளுக்குக் கீழே அமரும் கார்பன் இழைக் கழுத்துப்பட்டை அது. அதிலிருந்து இரண்டு வார்கள் ஹெல்மெட்டை இழுத்துப் பிடிக்கும். உடல் நிற்கும்போது தலையும் நிற்கும். ஆடம் இறந்த ஆண்டில் இந்தக் கருவி விற்பனைக்கு வந்து ஏறக்குறையப் பத்தாண்டு ஆகியிருந்தது. அசௌகரியமானது, காரிலிருந்து சட்டென்று வெளியேறத் தடையாகும் என்று ஓட்டுநர்கள் பலர் அதை ஒதுக்கினார்கள். அணிவதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று நாஸ்கார் விட்டிருந்தது.

லூடன் மரணங்களுக்குப் பின் நாஸ்கார் செய்தவை இரண்டு. எஞ்சினை உடனே நிறுத்த, ஓட்டுநரின் கைக்கெட்டும் விதத்தில் ஸ்டீயரிங்கிலேயே ஒரு சுவிட்ச் கட்டாயமானது. 2000 செப்டம்பரில் லூடனில் நடந்த வின்ஸ்டன் கப் பந்தயத்தில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு பொருத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அந்தப் பந்தயத்தில் ஜெஃப் பர்டன் 300 சுற்றுகளிலும் முன்னிலையிலேயே இருந்து வென்றார். யாரும் யாரையும் முந்த முடியாத அந்த ஓட்டத்தைக் கண்டபின் லூடனில் தகடு கைவிடப்பட்டது. இரண்டு நடவடிக்கைகளும் கார் சுவரை நோக்கிப் போவதைப் பற்றியவை. சுவரில் மோதியபின் தலைக்கு நேர்வதைப் பற்றி விதி எதுவும் வரவில்லை. இதே பெட்டி குடும்பத்தின் விபத்து ஒன்றால் முன்பு விதி விரைந்து மாறியிருக்கிறது என்பதை இங்கே நினைக்க வேண்டும். 1970இல் டார்லிங்டன் தடத்தில் ரிச்சர்டின் கார் உருண்டபோது அவருடைய கையும் தலையும் ஜன்னல் வழியே வெளியே தொங்கின. அவர் பிழைத்தார், அதற்குப் பின் ஓட்டுநர் பக்க ஜன்னலில் வலை கட்டாயமானது. உயிர் தப்பிய தாத்தாவின் விபத்து கற்பித்த அளவுக்குக்கூட, உயிர் போன பேரனின் விபத்து உடனே கற்பிக்கவில்லை.

2001 பிப்ரவரி 18 அன்று டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், கடைசி வளைவில், எர்ன்ஹார்ட் ஜூனியரின் தந்தை டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். ரிச்சர்டைப் போலவே ஏழு பட்டம் வென்றவர் அவர். அதே காயம்தான். கழுத்துக் கருவியை விரும்பாதவர்களில் அவரும் ஒருவர். நாடே அதிர்ந்தது. ஓட்டுநர்கள் தாங்களாகவே ஹான்ஸ் கருவியை வாங்கி அணியத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் நாஸ்கார் வெளியிட்ட விசாரணை அறிக்கை பலவற்றை விரிவாக ஆராய்ந்தது. கழுத்துக் காப்பு மட்டும் அப்போதும் கட்டாயமாகவில்லை. அக்டோபர் 4 அன்று சார்லட்டில் நடந்த ஆர்கா பந்தயத்தில் பிளெய்ஸ் அலெக்ஸாண்டர் என்ற 25 வயது ஓட்டுநர் மாண்டார். மூன்றாண்டுகளுக்கு முன் ஆடம் தம் முதல் வெற்றியைப் பெற்ற அதே தடம், அதே தொடர். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 17 அன்று, தலை-கழுத்துக் காப்பு நாஸ்காரில் கட்டாயமானது. 2002 மே மாதத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் வடிவமைத்த, மோதலின் வேகத்தை உள்வாங்கும் எஃகுச் சுவர் இண்டியானாபொலிஸ் தடத்தில் முதன்முதலாக நிறுவப்பட்டு, பிற தடங்களுக்கும் பரவியது. கழுத்துக் காப்பு கட்டாயமான பின் நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களிலும் எந்த ஓட்டுநரும் பந்தய விபத்தில் இறக்கவில்லை. ஐந்து பேர் போன பிறகு வந்த விதி முதலாமவருக்குப் பிறகே வந்திருக்கலாம். கருவி அன்றும் இருந்தது.

மகன் இறந்தபின் கைல் 45ஆம் எண்ணைத் தமதாக்கிக்கொண்டார். ஆடமின் புஷ் தொடர்க் காரை அந்த ஆண்டின் எஞ்சிய பந்தயங்களில் அவரே ஓட்டினார். பின்பு முதன்மைத் தொடரிலும் 2008 வரை அதே எண்ணில் ஓட்டினார். அந்த ஆண்டுகளில் அவருக்கு வெற்றி எதுவும் கிட்டவில்லை.

ஆடம் விட்டுச்சென்ற விருப்பம் ஒன்றும் இருந்தது. 1999இல் அவர் புளோரிடாவில் தீராத நோயுள்ள குழந்தைகளுக்கான முகாம் ஒன்றைப் பார்த்திருந்தார். நடிகர் பால் நியூமன் தொடங்கிய முகாம்களின் வரிசையில் வந்தது அது. அப்படி ஒன்று தம் வட கரோலினாவிலும் வேண்டும் என்று அவர் பெற்றோரிடம் சொல்லியிருந்தார். ரிச்சர்டும் அவர் மனைவி லிண்டாவும் ரேண்டில்மன் என்ற ஊரில் தங்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். பந்தய ஓட்டுநர்களும் ரசிகர்களும் பணம் திரட்டினார்கள். 2004 ஜூனில் விக்டரி ஜங்ஷன் முகாம் திறக்கப்பட்டது. மருத்துவக் கண்காணிப்போடு குழந்தைகள் அங்கே சில நாட்கள் தங்கி விளையாடலாம். கட்டணம் எதுவும் இல்லை. முகாமின் கட்டடங்கள் பந்தய உலகத்தின் சாயலில் அமைந்தவை. அவற்றில் ஒன்று ஆடமின் பெயரைத் தாங்கிய பந்தயப் பட்டறை.

லீ 1949இல் தொடங்கிய பெட்டி என்டர்பிரைசஸ், 2009 தொடக்கத்தில் வேறொரு அணியுடன் இணைக்கப்பட்டது. கைல் அதில் ஓட்டவில்லை. தொலைக்காட்சி வர்ணனையிலும் முகாமுக்கான நிதி திரட்டுவதிலும் ஈடுபட்டார்.